தினமும் ஆபீஸ் போகும் தாரில் ஸ்டெபிலைசர் பாரைக் கழட்டலாமா?

தார், ஜிம்னி, கூர்க்கா என எதை வாங்கினாலும் சரி, ஆறு மாதத்துக்குள் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: "அந்த ஸ்டெபிலைசர் பாரைக் கழட்டிப் போடு மச்சி, வண்டி மெத்தை மாதிரி போகும்." சொல்பவர் வார இறுதியில் மணல், பாறை என்று தேடிப்போய் ஓட்டும் நண்பராக இருக்கலாம். அல்லது, முன்பக்கம் 'கட கட'ன்னு சத்தம் வருதே என்று வண்டியை விட்டால், அடியில் எட்டிப் பார்த்துவிட்டு "லிங்க் ராடு போயிடுச்சு சார், இது இல்லாமலும் வண்டி ஓடும், எதுக்கு செலவு?" என்று கேட்கும் மெக்கானிக்காக இருக்கலாம்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வண்டி ஓடும். சில போல்ட்டுகளைக் கழட்டினால் வேலை முடிந்தது. அடுத்த நாள் காலை கேளம்பாக்கம் ஜங்ஷனில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை ஊர்ந்து போகும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. கொஞ்சம் சொகுசாகக்கூட இருக்கும். பிரச்னையே அங்கேதான். அந்தப் பார் தேவைப்படும் தருணம் வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு விநாடிக்குத்தான் வரும். அந்த இரண்டு விநாடிக்கு முன்னால் உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் தார் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் கழட்டாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

'ப' வடிவத்தில் ஒரு கம்பி

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒரே பொருள்தான். 'ப' எழுத்து மாதிரி வளைத்த ஒரு ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி. நடுப்பகுதியை ரப்பர் புஷ்கள் வண்டியின் சேஸியோடு பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளும் சின்ன லிங்க் ராடு வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனில் மாட்டியிருக்கும். சில வண்டிகளில் இதுவே தலைகீழாக, நடுப்பகுதி ஆக்ஸிலிலும் முனைகள் சேஸியிலும் இருக்கும். வேலை ஒன்றுதான். 1919லேயே கனடாக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கிய பழைய யோசனை இது. நூறு வருஷம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே ஏறினால் கம்பி அந்த ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். எதையும் தடுக்காது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி, இன்னொன்று இறங்கினால்தான் கம்பி முறுகும். முறுகிய கம்பி நேராகத் துடிக்கும் இல்லையா, அந்த விசைதான் வண்டியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வதைத் தடுக்கிறது. வலது பக்கம் ஒடிக்கும்போது வண்டி இடது பக்கம் சாயப் பார்க்கும். பார் அதைப் பிடித்து இழுக்கும்.

கம்பியின் தடிமனில் விளையாட்டு இருக்கிறது. முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் தடிமன் கூடுவது 10 சதவீதம்தான், விறைப்பு கூடுவதோ சுமார் 46 சதவீதம். வண்டியை வடிவமைக்கும் இன்ஜினீயர்கள் ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டிக் குறைத்து முடிவு செய்யும் விஷயம் இது. அதை மொத்தமாகப் பூஜ்யம் ஆக்குவது சின்ன மாற்றம் இல்லை.

ஸ்பீடு பிரேக்கருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை

பாரைக் கழட்டச் சொல்பவர்கள் தரும் முதல் காரணம் சொகுசு. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் போய்வருபவர்களுக்கு ஸ்பீடு பிரேக்கர் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று கல்லூரி வாசலும் ஊர் எல்லையுமாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஸ்பீடு பிரேக்கர் ரோட்டின் குறுக்கே முழு அகலத்துக்கும் போட்டது. இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. மேலே சொன்ன மாதிரி, அப்போது பார் சும்மா சுழல்கிறது. அதைக் கழட்டினாலும் கழட்டாவிட்டாலும் முதுகில் விழும் அடி அதேதான். அந்த அடி ஸ்பிரிங், டேம்பர், டயர் காற்று, உங்கள் வேகம் ஆகியவற்றின் கணக்கு.

ஒற்றைச் சக்கரப் பள்ளம் வேறு கதை. பழைய மகாபலிபுரம் சாலையில் மாதவரம் - சிறுசேரி மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து, பாதையை ஒதுக்கி, தோண்டி, மூடி, திரும்பத் தோண்டி வைத்திருக்கும் இடங்களில் இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும். அப்போது பார் இடது பக்க அதிர்ச்சியில் ஒரு பங்கை வலது பக்கத்துக்கும் கடத்தும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடும். உயரமான வண்டியில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பாரைக் கழட்டினால் உண்மையிலேயே நிம்மதிதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அகலத்தைவிட உயரம் அதிகம்

ஐந்து கதவு ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ. மூன்று கதவு தாரின் அகலம் 1,820, ஹார்டு டாப் உயரம் 1,844. இரண்டுமே அகலத்தைவிட உயரமான வண்டிகள். பக்கத்தில் ஒரு ஸ்விஃப்டை நிறுத்திப் பாருங்கள்: அகலம் 1,735, உயரம் 1,520. எடை எங்கே இருக்கிறது, எது எளிதாகச் சாயும் என்பதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம்.

தாரில் (2020 தலைமுறை) முன்பக்கம் இண்டிபெண்டன்ட் டபுள் விஷ்போன், பின்பக்கம் சாலிட் ஆக்ஸில். இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் பார் உண்டு. ஜிம்னியில் முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில். பார் முன்பக்கம் மட்டும்தான். அதாவது ஜிம்னியில் அந்த ஒன்றைக் கழட்டினால் வண்டியில் பார் என்று ஒன்றுமே மிச்சம் இல்லை. இரண்டில் ஒன்று போகிறது, இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

தாரில் முன்பக்கத்தை மட்டும் கழட்டினால் இன்னொரு சிக்கல். முன்புறம் தளர்ந்து, பின்புறப் பார் மட்டும் விறைப்பாக நிற்கும்போது, திருப்பத்தில் பின் டயர்கள் வழக்கத்தைவிட அதிகச் சுமை மாற்றத்தைத் தாங்க வேண்டும். பின்பக்கம் பிடிப்பை முதலில் இழக்க வாய்ப்பு கூடுகிறது. ஈரமான ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிக்கத் தெரிந்த டிரைவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இவ்வளவு சொன்னாலும், பாரைக் கழட்டிய உடனே வண்டி கவிழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் கோவளம் சாலையில் உப்பளக் காற்று வாங்கிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது சட்டென்று ஒடித்து, உடனே திருப்பி ஒடிக்கும் அசைவில்.

மான் டெஸ்ட், மாடு டெஸ்ட்

1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டு கார் பத்திரிகை ஒன்று புத்தம்புது மெர்சிடிஸ் ஏ கிளாஸை ஒரு சோதனைக்கு எடுத்துப் போனது. ரோட்டில் திடீரென்று 'மூஸ்' என்னும் பெரிய மான் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, பிரேக் பிடிக்காமல் ஒரு பக்கம் ஒடித்து, எதிரே வண்டி வருவதால் உடனே பழைய பாதைக்குத் திரும்ப வேண்டும். ஏ கிளாஸ் கவிழ்ந்தது. உலகமே சிரித்தது. மெர்சிடிஸ் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, ஈ.எஸ்.பி. என்னும் எலெக்ட்ரானிக் நிலைத்தன்மைக் கருவியை எல்லா ஏ கிளாஸிலும் பொருத்திய பிறகுதான் மீண்டும் விற்றது.

நம்ம ஊரில் மூஸ் கிடையாது. ஆனால் மாடு இருக்கிறது. சென்டர் மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்பும் ஷேர் ஆட்டோ இருக்கிறது. ராங் சைடில், ஹெட்லைட் இல்லாமல், ஒரு கையில் போனோடு வரும் பைக் இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் சோதனைக்களத்தில் கோன் வைத்துச் செய்வதை நாம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. மாட்டைப் பார்த்து வலது பக்கம் ஒடிக்கிறீர்கள். வண்டி இடது பக்கம் சாய்கிறது. உடனே இடது பக்கம் ஒடிக்கிறீர்கள். முதல் சாய்வு இன்னும் அடங்கவில்லை. அது ஊஞ்சல் மாதிரி மறுபக்கம் வீசும்போது, இரண்டாவது திருப்பத்தின் விசையும் அதே திசையில் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலும் வண்டி கட்டுப்பாட்டை இழப்பது இந்த இரண்டாவது வீச்சில்தான். பார் இருந்தால் முதல் சாய்வு குறைவு, அடங்குவதும் சீக்கிரம். பார் இல்லாவிட்டால் உடம்பு தாமதமாக, அதிகமாகச் சாயும். ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி பதில் சொல்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் ஒடிப்போம். நம் கை அப்படித்தான்.

"ஈ.எஸ்.பி. இருக்கே ப்ரோ" என்று கேட்கலாம். இருக்கிறது. ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. ஆனால் அந்தக் கருவிக்குள் இருக்கும் கணக்கு, பார் மாட்டிய வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியது. நீங்கள் பாரைக் கழட்டியது அதற்குத் தெரியாது. அது பிரேக் பிடித்து உதவும்தான். தனக்குச் சொல்லிக்கொடுக்காத ஒரு வண்டிக்கு.

29 கிலோமீட்டர்

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த சாட்சி ஜீப் ராங்லர் ரூபிகான். ஆஃப் ரோடுக்கென்றே பிறந்த வண்டி. 2007 மாடலில் இருந்தே, முன்பக்க ஸ்வே பாரை ஒரு பட்டனைத் தட்டித் தற்காலிகமாகத் துண்டிக்கும் வசதி அதில் உண்டு. பாறை ஏறும்போது துண்டித்துக்கொள்ளலாம். ஆனால் ஃபோர் வீல் டிரைவில் இருந்தால்தான் பட்டன் வேலை செய்யும். வேகம் மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால், உங்களைக் கேட்காமலேயே பார் தானாகத் திரும்பச் சேர்ந்துகொள்ளும்.

யோசித்துப் பாருங்கள். பாரைத் துண்டிப்பதையே ஒரு வசதியாக விற்கும் கம்பெனி, அந்த வசதியோடு 30 கிலோமீட்டர் வேகத்தில்கூட உங்களை நம்பத் தயாராக இல்லை. நாம் அதையே நிரந்தரமாகக் கழட்டிவிட்டு ஓ.எம்.ஆரில் 80ல் போக நினைக்கிறோம். டொயோட்டாவும் லேண்ட் க்ரூஸர் போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் முறையில், கரடுமுரடான இடத்தில் பாரைத் தளர்த்தி ரோட்டில் இறுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து இவர்கள் எல்லாம் தேடியது ஒன்றைத்தான்: ரோட்டில் பார் இருக்க வேண்டும், பாறையில் இருக்கக் கூடாது.

பாறையில் ஏன் இருக்கக் கூடாது என்பதும் நியாயம்தான். பார் பிடித்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில் சக்கரம் முழுசாகக் கீழே இறங்காது, அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால், தொங்கும் சக்கரம் வெறுமனே சுற்ற, வண்டி நின்றுவிடும். பாரைக் கழட்டினால் சக்கரம் மண்ணைத் தொடும். ஆனால் ஜிம்னியில் வெறுமனே சுற்றும் சக்கரத்துக்கு பிரேக் போட்டு மறு சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் வசதி வந்துவிட்டது. தாரின் சில வேரியன்ட்டுகளில் பின் டிஃபரன்ஷியலே தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் தொங்கினாலும் வண்டி நகரும். தாரின் முன்பக்கமோ இண்டிபெண்டன்ட் என்பதால், சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை விஷ்போனும் டேம்பரும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. அங்கே பாரைக் கழட்டிக் கிடைக்கும் கூடுதல் இறக்கம் கொஞ்சம்தான். ரீல்ஸுக்கு ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்பதுதான் அழகு, அது வேறு.

தென் சென்னைப் புறநகரில் ஃபோர் பை ஃபோர் வாங்குபவர்களில் பலர் பாறைக்காக வாங்குவதில்லை. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் இரண்டையும் பார்த்துவிட்டு, மழை வந்தால் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு வண்டி வேண்டும் என்று வாங்குகிறார்கள். நல்ல காரணம். அதற்கு உயரமும் டயரும் காற்று இழுக்கும் குழாய் இருக்கும் இடமும்தான் முக்கியம். தேங்கிய தண்ணீரில் போவதற்கு ஸ்வே பாரைக் கழட்ட எந்தத் தேவையும் இல்லை.

"அந்தக் காலத்து ஜீப்பில் பாரே இல்லையே" என்பார் ஒரு பெரியவர். உண்மை. பழைய ஜீப்புகள் பலவற்றில் கிடையாது. அவை நாலு பக்கமும் கட்டையான லீஃப் ஸ்பிரிங்கில் நின்றன. அந்தப் பட்டைகளே சாய்வைக் கொஞ்சம் தடுத்தன. ஓடிய வேகமும் வேறு. இன்றைய காயில் ஸ்பிரிங் மென்மையாக இருப்பதற்குக் காரணமே சாய்வைப் பார்த்துக்கொள்ளப் பார் இருக்கிறது என்ற தைரியம்தான். ஜிம்னியின் முன்னோரான ஜிப்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 1985ல் வந்தது, 1993ல் அதன் சக்கர இடைவெளியை 90 மி.மீ. கூட்டி 'வைட் டிராக்' ஆக்கினார்கள். ஒடுக்கமான, உயரமான வண்டி ரோட்டில் உறுதியாக நிற்க 90 மில்லிமீட்டர் தேவைப்பட்டது.

இதில் எனக்குக் கோபம் வரும் விஷயம் ஒன்று உண்டு. பாரைக் கழட்டுபவர்கள் பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை. இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட், பெரிய டயர், கூரைமேல் கேரியர், அதன்மேல் ஜெர்ரி கேன். எடையை மேலே மேலே ஏற்றிவிட்டு, சாய்வைத் தடுக்கும் ஒரே கம்பியைக் கீழே கழட்டி வைப்பது என்ன கணக்கு? பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து லேனில் ஸ்கூட்டியில் குழந்தையோடு ஒருவர் போகிறார். உங்கள் சஸ்பென்ஷன் சோதனைக்கு அவர்கள் கையெழுத்துப் போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் தந்த விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் 'ஸ்வே பார்' என்று ஒரு கட்டம் கிடையாது. நடைமுறையில் செக்கிங்கில் நிற்கும் போலீஸ்காரர் குனிந்து பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் விபத்து நடந்த பிறகு வண்டியைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் குனிவார்.

சத்தம்தான் பிரச்னை என்றால்

முன்பக்க 'கட கட'வுக்கு அடிக்கடி காரணம் தேய்ந்த லிங்க் ராடு அல்லது காய்ந்துபோன புஷ். நம்ம ரோடும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் இவை தேய்வது சகஜம். லிங்க் ராடின் விலை ஒரு டயரின் விலையைவிட ரொம்பக் குறைவு. மாற்றினால் சத்தம் போகும். பாரைக் கழட்டினாலும் சத்தம் போகும், அதனால்தான் அந்த யோசனை அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. தலை ஆட்டம் பிரச்னை என்றால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அளவைவிட அதிகமாக அடித்து வைத்திருப்பது இங்கே வழக்கம். அதன் பிறகு டேம்பர்.

உண்மையிலேயே மாதம் ஒருமுறை கரடுமுரடான இடத்துக்குப் போகிறீர்கள், சாலிட் ஆக்ஸில் வண்டி என்றால், குயிக் டிஸ்கனெக்ட் லிங்க் போடுவது ஒன்றே நியாயமான வழி. இடத்துக்குப் போய், சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பின்னை எடுத்து, பாரின் முனைகளை பிரேக் ஹோஸிலோ டயரிலோ உரசாதபடி கட்டி வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழட்டித் தொங்க விடக் கூடாது. திரும்பும்போது, மணலுக்காக 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிய டயரில் காற்று அடிக்கும் அதே இடத்திலேயே பின்னையும் மாட்டிவிடுங்கள். "மெயின் ரோடு போய் மாட்டிக்கலாம்" என்பதும் "வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்" என்பதும் எங்கே முடியும் என்று நமக்கே தெரியும்.

செகண்ட் ஹேண்ட் தார் அல்லது ஜிம்னி பார்க்கப் போகிறவர்கள், பெயின்ட்டையும் சீட் கவரையும் பார்த்த பிறகு, போன் டார்ச்சை அடித்து முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். பார் இருக்கிறதா, இரண்டு லிங்க் ராடும் மாட்டியிருக்கிறதா, கையால் ஆட்டினால் லொடலொடக்கிறதா. தாரில் பின்பக்கமும் பாருங்கள். பார் மட்டும் இருந்து லிங்க் இல்லாத வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. முந்தைய ஓனர் அதைச் சொல்ல மறந்திருப்பார்.